ரெண்டு வெள்ளி வாங்கினால் பிழைத்தோம்

அவர் வாயிலிருந்து "ரெண்டு வெள்ளி" என்று வந்துவிட்டால் எங்களுக்குப் போன உயிர் திரும்பி வரும். அந்த வார்த்தை வராவிட்டால்தான் வம்பு.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் அசாம் ஜாவாவுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் நான் ஒயரிங் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கிளினிக் இருந்தது. கிளினிக் என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கேண்டீனுக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு கட்டில், சிவப்பு, வெள்ளை, பழுப்பு என்று மூன்று பெரிய பாட்டில்களில் தண்ணி மருந்து. மாதத்தில் ஒரு நாள் டவுனிலிருந்து டாக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் இவர்தான்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை. 'டிரஸர்' என்றால் அவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டுக் கட்டுகிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இருபது வருடம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அந்த வேலையைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை, படிய வாரிய எண்ணெய்த் தலை. வந்தவர் அந்தத் தோட்டத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். காலையில் கதவைத் திறந்ததும், "வரிசை! வரிசை!" என்று ஒரு குரல் கொடுப்பார். காய்ச்சலில் நடுங்குகிறவன்கூட நேராக நிற்பான்.

சுவரில் ஆபீஸ் எழுதி ஒட்டிய அறிவிப்பு ஒன்று தொங்கியது: ஒரு தடவைக்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். அதன் கீழே மூடியில் துளை போட்ட ஒரு பிஸ்கட் டின். அதில் விழும் காசில்தான் மருந்து வாங்க வேண்டும். எல்லாரும் கட்ட வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். அவருடைய சட்டம் வேறு.

"நோவு இல்லாதவன் கட்டட்டும். நோவு உள்ளவன் பாவம், அவனுக்கு ஏற்கெனவே செலவு" என்பார்.

ஆக, நோயாளிக்கு இலவசம், பொய்யனுக்கு இரண்டு வெள்ளி. எங்கள் கல்லூரியில் உண்மையான நோயாளிகள் மிகக் குறைவு. அதனால் டின் எப்போதும் நிறைந்தே இருந்தது. ஆபீசும் வாயைத் திறக்கவில்லை.

யார் பொய்யன் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? "நாக்கை நீட்டு" என்பார். நாம் நீட்டுவோம். அவர் நாக்கைப் பார்க்க மாட்டார், குனிந்து நம் காலைப் பார்ப்பார். தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது, வயிற்றுவலி என்று வந்து நிற்கிறவர்களில் யாருக்கு நிஜமாகவே வயிறு வலிக்கிறது, யாருக்கு முந்தின நாள் குடித்த கள்ளு வலிக்கிறது என்று பிரித்துப் பிரித்து அவருக்கு அந்தக் கலை கைவந்திருந்தது.

"வாயி பொய் சொல்லும், நாக்கும் பொய் சொல்லும். காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நோவு உள்ளவன் காலு மருந்தப் பாத்து நிக்கும். மத்தவன் காலு வாசலப் பாத்து நிக்கும்."

ஒரு நாள் கல்லூரியைச் சோதனை போட மேலிடத்து ஆட்கள் வருவதாக இருந்தது. காலையிலேயே எங்கள் பிரின்சிபல் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் நின்ற நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். டிரஸர் எழுந்து நின்று மரியாதை செய்து, நாக்கை நீட்டச் சொல்லி, பளபளக்கும் அந்தக் கறுப்புச் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு சப்பாத்தும் பின்வாசலைப் பார்த்து நின்றன.

"ரெண்டு வெள்ளி, சார்."

பிரின்சிபல் டின்னில் காசைப் போட்டுவிட்டு நேராகச் சோதனைக்குப் போய் நின்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். பயம் எனக்குப் பரம்பரைச் சொத்து அல்ல. எங்கள் அப்பா ரப்பர் பால் மரக் காட்டில் குறுக்கே கிடக்கும் பாம்பைச் செருப்பால் தள்ளிவிட்டு நடக்கிறவர். என் பயம் முழுக்க முழுக்க என் சொந்த உழைப்பு. கிளினிக் சுவரில் நோய்களின் படம் போட்ட ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. வரிசையில் நிற்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் முறை வருவதற்குள் அதில் இருந்ததெல்லாம் எனக்கு வந்துவிடும். தலைவலி என்று வரிசையில் சேர்ந்தவன், மேசையை அடையும்போது காசநோய், மஞ்சள் காமாலை, யானைக்கால் மூன்றோடும் நிற்பேன்.

ஒரு நாள் நாக்கு சிவந்துவிட்டது என்று ஓடினேன்.

"கேண்டீன்ல ரோசு சிரப்பு குடிச்சியா?"

"ஆமாங்கய்யா."

"எத்தன கிளாசு?"

"ரெண்டு."

"கிளாசுக்கு ஒரு வெள்ளி. போடு."

இன்னொரு நாள், இதயத் துடிப்பு வலது பக்கம் கேட்கிறது, இதயம் இடம் மாறிவிட்டது என்று போனேன். அவர் சிரிக்கவே இல்லை. "புது எடத்துக்குப் போச்சுன்னா வாடக கட்டணும் தம்பி. ரெண்டு வெள்ளி" என்றார்.

நான் அவமானப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். டின்னில் காசு விழும் சத்தம் கேட்டதும் மார்பு அப்படியே லேசாகிவிடும். இரண்டு வெள்ளிக்கு மூன்று தட்டு சோறு வாங்கலாம். ஆனாலும் சாகமாட்டேன் என்று ஒரு மனுஷன் உத்தரவாதம் கொடுக்கும்போது பேரம் பேசுவது நியாயமா?

அவர் காசை மறுத்து நான் முதலில் பார்த்தது அந்தோணிக்குத்தான். ரவாங்கிலிருந்து வந்தவன், ஹாஸ்டலில் என் அறைக்காரன், நோய் என்றால் என்ன என்றே தெரியாத தடியன். ஒரு நாள் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். டிரஸர் காலைப் பார்த்தார். வயிற்றை ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அந்தோணி நீட்டிய இரண்டு வெள்ளியை இரண்டு விரலால் தள்ளிவிட்டார். "வேணாம்" என்றவர், தன் பழைய காரை எடுத்து அவனைப் பின்சீட்டில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அன்று சாயங்காலமே குடல்வால் ஆபரேஷன். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்னு சொன்னாங்கடா" என்று திரும்பி வந்த அந்தோணி தையலைக் காட்டிச் சொன்னான். அன்றிலிருந்து, டிரஸர் காசு வேண்டாம் என்றால் ஆள் காலி என்பது எங்கள் ஹாஸ்டலில் சட்டமாகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் கோலசிலாங்கூரில் சுட்ட சிப்பி ஒரு தட்டு முழுக்கத் தின்றிருந்தேன். காலையில் வலது பக்கம் சுருக்கென்றது.

"எங்க வலிக்குது?"

"வலது பக்கங்கய்யா. அந்தோணிக்கு வலிச்ச அதே எடம்."

"அது அந்தோணி எடம். ஒன் எடத்தச் சொல்லு."

அழுத்திப் பார்த்தார். வெள்ளை மருந்தை ஒரு புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். வழக்கம்போல இரண்டு வெள்ளியை மேசையில் வைத்தேன். இரண்டு விரல். தள்ளிவிட்டார்.

"வேணாம்."

"ஐயா?"

"வச்சிக்க தம்பி. போயி படு."

என் கால்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றன என்று எனக்கு நினைவில்லை. கிளினிக் பின்னால் ஒரு சேவல் கூவியது. போன வாரம்தான் எங்கிருந்தோ வந்து சேர்ந்த சிவப்புச் சேவல். ஒரு காலில் புண்ணுக்குக் கட்டும் வெள்ளைத் துணியால் கட்டித் தூணோடு முடிந்து வைத்திருந்தார்கள். ஏதோ நோயாளி போலிருக்கிறது, அதற்கும் காசு வாங்கியிருக்க மாட்டார் என்று நினைத்தபடி தள்ளாடி வெளியே வந்தேன்.

அறைக்கு வந்து அந்தோணியிடம் சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

"காரு எடுத்தாரா?"

"எடுக்கல."

"எனக்குக் காரு எடுத்தாருடா."

அந்தக் கணத்தில்தான் முழுப் பயங்கரமும் புரிந்தது. காரில் ஏற்றினால் பிழைக்கக்கூடியவன் அந்தோணி. என் விஷயத்தில் பெட்ரோலும் வீண் என்று முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் மீண்டும் போனேன். "ஐயா, தலைவலி. நெஜமா பொய்த் தலைவலிங்கய்யா. தயவு செஞ்சி வாங்கிக்குங்க."

"வேணாம்."

"மூணு வெள்ளி தர்றேன்."

"வேணாம்பா."

"அஞ்சு. அஞ்சோட முடிச்சிக்குவோம்."

"என்னாடா இது, மீன் மார்க்கெட்டா? நவுரு, பின்னால ஆளு நிக்கிது."

பின்னால் நின்றவனுக்கு இரண்டு வெள்ளி. அவன் டின்னில் காசைப் போட்டுவிட்டு, "நான் நல்லா இருக்கேன் லா!" என்று என் காதில் கத்திக்கொண்டே போனான். அவனை அப்படியே கடிக்கலாம் போலிருந்தது.

புதன்கிழமை அவர் பாட்டில் கழுவத் திரும்பிய நேரம் பார்த்து டின்னுக்குள் இரண்டு வெள்ளியைத் திணித்தேன். திரும்பாமலே, "எடு" என்றார். மூடியைத் திறந்து, என் காசை எடுத்து, என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்து அனுப்பினார். உலகத்தில் திருட்டுத்தனமாகப் பணம் போட்டு மாட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தோணி எனக்காக ஜெபம் செய்தான். நல்ல பையன். வியாழக்கிழமை ஜெபம் முடிந்ததும் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தான்.

"டேய், கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. ஒன்னோட அந்த சைக்கிளு யாருக்குன்னு சொல்லிட்டியா?"

"ஜெபம் பண்றேன்னு சொன்ன?"

"ஜெபமும் பண்றேன் லா. ரெண்டும் பண்ணலாம்ல."

சைக்கிளை அவனுக்கே கொடுத்தேன். போகிறவனுக்கு எதற்குச் சக்கரம்? மனசாட்சியோடு போக வேண்டும் என்று, அவன் மைலோவைத் திருடிக் குடித்தது நான்தான் என்றும் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்" என்றான். "டின்னுல கோடு போட்டுத்தான் வச்சிருந்தேன்."

சனிக்கிழமை பஸ் பிடித்தேன். சபாக் பக்கத்தில் எங்கள் தோட்டம். வழி முழுக்க நெல் வயல். கடைசியாகப் பார்க்கிறோம் என்று பார்த்ததால் அன்றைக்கு அது ரொம்பவே பச்சையாக இருந்தது. லயத்து வீட்டு வாசலில் அப்பா தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் மூன்று தடவை ஒத்திகை பார்த்த வசனத்தைத் தொடங்கினேன்.

"அப்பா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். மனசத் தேத்திக்குங்க."

அப்பா நிமிரவில்லை. "கோழி நல்லா இருக்கா?"

நான் என் மரணத்தை அறிவிக்க வந்திருக்கிறேன், இவர் கோழியை விசாரிக்கிறார்.

"எந்தக் கோழி?"

"அதான்டா, டிரஸர் ஐயாகிட்ட குடுத்துட்டு வந்தேனே. செவப்புச் சேவ. வாலு கொஞ்சம் கோணலா இருக்கும்."

சைக்கிள் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நானும்.

"நீங்களா குடுத்தீங்க? எதுக்கு?"

"பின்ன? நீ எழுதுற லெட்டர்ல மூணு வரி படிப்பு, முப்பது வரி வியாதி. நெஞ்சு நவுந்துருச்சுங்கிற, நாக்கு செவந்துருச்சுங்கிற. சரி, ஐயாவையே பாத்துக் கேட்டுட்டு வந்துருவோம்னு கெளம்புனேன். டிரஸர் வாசல்ல வெறுங்கையோட போயி நிக்கிற பழக்கம் நம்ம குடும்பத்துல ஏது? பஸ்சுல அது கூவிக்கிட்டே வருது. கண்டக்டரு அதுக்கும் பாதி டிக்கெட்டுப் போட்டுட்டான்."

தோட்டத்து வழக்கம் அதுதான். நல்ல வைத்தியம் வேண்டுமென்றால் டிரஸர் வீட்டுக்கு ஒரு கோழி. கல்லூரிக்கு வந்தும் அந்த வழக்கம் பஸ் ஏறி என் பின்னாலேயே வந்திருக்கிறது.

"அவரு என்னா சொன்னாரு?"

"பெரிய மனுஷன்டா. இந்தச் சேவ உசுரோட இருக்கிற வரைக்கும் ஒம் பையன்கிட்ட காசு வாங்க மாட்டேன்னுட்டாரு."

"என்னைப் பாக்காமலே வந்துட்டீங்களேப்பா!"

"ஒன்னைப் பாத்தா ஒளறிருவேன். காசு இல்லாம வைத்தியம்னு தெரிஞ்சா நீ படிப்ப விட்டுட்டு அங்கேயே பாயப் போட்டுருவ. அதான் ஐயாகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டு வந்தேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாகவில்லை என்கிற சந்தோஷம் பாதி. எனக்காக அந்த மனுஷன் மடியில் ஒரு சேவலை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார் என்பது மீதி. அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார். "அட, அழுவாதடா. வீட்டுல வேற கோழி இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை கிளினிக்கில் முதல் ஆளாக நின்றேன். டிரஸர் ஒரு பார்வை பார்த்தார்.

"அப்பா வாயத் தொறந்துட்டாரா?"

"நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமேங்கய்யா! ஒரு வாரம் செத்துச் செத்துப் பொழச்சேன். சைக்கிளக்கூடக் குடுத்துட்டேன்."

"ஒங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்துருக்கேன். அப்பறம், ஒனக்கு நெஜமா நோவுன்னா நான் பேசிக்கிட்டா நிப்பேன்? காரு எடுத்துருக்க மாட்டேனா?" குனிந்து என் காலைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இன்னொன்னு சொல்றேன், கோவிச்சிக்காத. ஒரு வருஷமா நீ வர்ற. போன வாரந்தான் ஒன் காலு ரெண்டும் என் மேசையப் பாத்து நின்னுச்சு. அத இன்னும் ரெண்டு நாளு பாக்கலாம்னு எனக்கும் ஒரு ஆச."

அந்தோணி சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தான். மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டான். ஜெபம் பலித்ததற்குக் கூலியாம்.

அன்றிலிருந்து அந்தச் சேவலும் நானும் ஒரே உயிர். அது இருக்கும் வரை எனக்கு வைத்தியம் இலவசம் அல்லவா? வீட்டில் இருந்தபோது கோழியைக் குழம்பில் மட்டுமே நெருங்கிப் பார்த்த நான், தினமும் கேண்டீனில் மிச்சமான சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் அதற்குப் போட்டேன். மழை பெய்தால் அதற்கு அட்டைப்பெட்டியில் கூரை. ஒரு நாள் அது சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பதறி டிரஸரைக் கூப்பிட்டேன். அவர் வந்து அதன் காலைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இவனுக்கு ரெண்டு வெள்ளி" என்றார். அது தூங்கிக்கொண்டிருந்ததாம்.

நான் போட்ட சோற்றில் அது வளர்ந்தது. கோணல் வாலைத் தவிர மற்றதெல்லாம் உருண்டு திரண்டது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் டிரஸர் அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, "நல்லா கொழுத்துட்டான்" என்று சொன்னபோதுதான் நான் செய்த தவறு எனக்கு உறைத்தது.

தீபாவளி முடிந்து கல்லூரி திறந்த அன்று என்னைக் கூப்பிட்டு ஒரு டிபன் கேரியரை நீட்டினார். "ஒன் பங்கு. தொடையா எடுத்து வச்சேன்." கொஞ்ச நேரம் துக்கம் அனுசரித்தேன். பிறகு வாசனை வந்தது. என் வைத்தியச் செலவை நானே கடைசித் துண்டு வரை, எலும்பையும் விடாமல் தின்று முடித்தேன். அவ்வளவு ருசி. அன்று மத்தியானமே வயிறு உப்பி வலித்தது. கிளினிக்குக்குப் போனேன். அவர் குனிந்து காலைப் பார்த்தார். ஒரு கை தானாக டின்னைக் காட்டியது.

"ரெண்டு வெள்ளி."

எவ்வளவு நாள் ஆயிற்று எனக்கென்று அந்த வார்த்தையைக் கேட்டு!

அவர் பிறகு எங்கே போனார் என்று தெரியவில்லை. படிப்பு முடிந்தது, ரவாங்கில் தொழிற்சாலை வேலை, கல்யாணம், பிள்ளைகள், தொந்தி. பயம் மட்டும் அதே வயதில் நிற்கிறது. இப்போதெல்லாம் டாக்டர் கொடுக்கும் பில் பெரிதாக இருந்தால் என் முகம் மலர்ந்துவிடுகிறது. "காச வாங்கிக்கிட்டு அனுப்புறாங்க, இதுல என்னா சிரிப்பு?" என்று மனைவி திட்டுகிறாள். சொன்னால் அவளுக்குப் புரியாது.

போன மாதம் நெஞ்சு கரித்தது என்று தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சின்னப் பையன், முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கவுண்டரில் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு பர்ஸைத் திறந்தேன். அங்கிருந்த பெண் பிள்ளை சிரித்த முகத்தோடு கையை ஆட்டினாள்.

"காசு வேணாம் அங்கிள்."

இரண்டு கையாலும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். "ஒங்க கம்பெனியே கட்டிரும் அங்கிள்" என்று அவள் ஏதோ சொல்வது தூரத்தில் கேட்டது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் எங்காவது ஒரு சேவல் கூவுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.